மெழுகில் தங்கிவிடும் நஞ்சு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேனீக்களின் அழிவு குறித்துச் சென்ற இதழில் வந்த கட்டுரை, பெட்டி வாசலில் மடிந்து கிடக்கும் தேனீக்களைப் பற்றியே பேசுகிறது. தேனீக்கள் மெழுகால் கட்டும் அடைக்குள் குடியேறிவிடும் நஞ்சைப் பற்றி ஒரு வரியும் இல்லை. திருவான்மியூரில் வீட்டு மாடியில் இரண்டு பெட்டிகள் வைத்திருப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

சென்ற சித்திரையில், வேம்பு பூத்திருந்த நேரத்தில், பக்கத்துக் குடியிருப்பின் தோட்டத்துக்குக் காலை எட்டு மணிக்கே பூச்சிமருந்து அடித்தார்கள். நண்பகலில் என் பெட்டி வாசலில் நாக்கு நீண்டபடி ஏராளமான தேனீக்கள் செத்துக் கிடந்தன; சில மல்லாந்து சுழன்றுகொண்டிருந்தன. அக்கம்பக்கத்தார் வந்து பார்த்து வருந்தினார்கள். ஆனால் மூன்று வாரம் கழித்து பெட்டிக்குள் அடையைத் தாங்கும் மரச்சட்டத்தை நான் தூக்கியபோது, நெருக்கமாக மூடியிருக்க வேண்டிய புழு அறைகளுக்கு நடுவே அங்கங்கே வெற்றறைகள் தெரிந்ததை யாரும் பார்க்கவில்லை. ராணி முட்டையிட்டுக்கொண்டுதான் இருந்தது; புழுக்கள்தாம் மடிந்திருக்க வேண்டும்.

வயலிலேயே சாகும் தேனீ நஞ்சைக் கூட்டுக்குக் கொண்டுவருவதில்லை; சாகாத அளவு தின்றதுதான் அதை மகரந்தத்தோடு சுமந்து வருகிறது. அந்த மகரந்தத்தைத் தின்றே இளம் தேனீக்கள் புழுக்களுக்கான பாலைச் சுரக்கின்றன. கொழுப்பில் கரையும் மருந்துகள் மெழுகில் ஊறிவிடுகின்றன. பழைய அடையை உருக்கினாலும் அவை போவதில்லை. அமெரிக்காவில் 2010-இல் வெளியான ஆய்வொன்று மெழுகு, மகரந்தம், தேனீ ஆகியவற்றில் 121 வகைப் பூச்சிக்கொல்லிகளையும் அவற்றின் சிதைபொருள்களையும் கண்டது. மெழுகு மாதிரிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டில் இருந்தவை, தேனீக்களைப் பற்றும் உண்ணியைக் கொல்லத் தேனீ வளர்ப்போரே பெட்டிக்குள் வைத்த ஃபுளூவாலினேட்டும் கூமபாஸும் என்பது கசப்பான செய்தி. நம் இந்தியத் தேனீ உண்ணியைத் தானே கடித்து அகற்றிக்கொள்வதால் நமக்கு அந்த மருந்து பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. ஆனால் தேனீக்கள் அடை கட்டுவதற்கு அடித்தளமாகச் சட்டத்தில் பொருத்த, கடையில் வாங்கும் மெழுகுத்தாள் எந்த அடையை உருக்கிச் செய்தது என்று எவரும் சொல்வதில்லை.

நஞ்சூறிய அடையில் வளரும் புழு மெதுவாக வளர்கிறது. அதிலிருந்து வரும் தேனீயின் ஆயுளும் குறைகிறது. பணித் தேனீ வாழ்வதே சுமார் ஆறு வாரம். முதல் மூன்று வாரம் கூட்டு வேலை, அதன் பிறகே தேன் தேடும் பறத்தல். ஆகவே ஆயுளில் ஐந்து நாள் குறைந்தாலும், குறைவது தேன் கொண்டுவரும் நாள்கள்தாம். தாவரத்துக்குள் ஊடுருவும் இமிடாகுளோப்ரிட் போன்ற பூச்சிமருந்துகளோ வீடு திரும்பும் வழியையே மறக்கடிக்கின்றன. தேனீக்களுக்கு ஆபத்து என்பதால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் இமிடாகுளோப்ரிட்டைத் திறந்தவெளிப் பயிர்களில் தடைசெய்தது.

தேனில் இத்தகைய கொழுப்புக்கரை மருந்துகள் குறைவாகவே தென்படும் என்பதால், தேனைச் சோதித்துவிட்டுக் கூடு சுத்தமென்று முடிவுகட்ட முடியாது. மெழுகையும் சோதிக்க வேண்டும் என்பதைத் தங்கள் இதழ் எழுத வேண்டுகிறேன். பூக்கும் பருவத்தில் அந்திக்குப் பிறகே மருந்து தெளிக்க வேண்டும் என்பதையும்தான்.

நான் கறுத்த அடைகளை வெட்டியெடுத்துவிட்டு, மெழுகுத்தாள் இல்லாமல் வெறும் சட்டங்களையே மாட்டினேன். இரண்டு வாரத்துக்குள் தேனீக்கள் வெள்ளை அடை கட்டிவிட்டன.

தங்கள் வாசகர்,
திருவான்மியூர், சென்னை – 41