கையெழுத்துப் போட்டவர் பொறுப்பேற்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் முன்னாள் ராணுவ வீரன். தொண்டிப் பக்கம் ஒரு நகை அடகுக் கடையில் காவல் வேலை பார்க்கிறேன். சொந்த லைசென்ஸில் இரட்டைக் குழல் துப்பாக்கி வைத்திருக்கிறேன். தேர்தல் தேதி அறிவித்ததும் ஸ்டேஷனிலிருந்து போன் வரும். “மிலிட்டரி ஐயா, துப்பாக்கியைக் கொண்டாந்து போட்டுருங்க.” 2024 மக்களவைத் தேர்தல் மார்ச் 16-ல் அறிவிக்கப்பட்டு, ஜூன் 4-ல்தான் வாக்கு எண்ணினார்கள். அத்தனை நாளும் துப்பாக்கி ஸ்டேஷனில். துப்பாக்கி கையில் இல்லாதவனுக்குக் கடைக்காரர் வெறும் வாட்ச்மேன் சம்பளம்தான் தருவார். அவரைக் குறை சொல்ல முடியாது. கடலோர ஸ்டேஷனில் எண்ணெய் காணாமல் சாத்திவைத்த குழல் திரும்பி வரும்போது உள்ளே துரு ஏறியிருக்கும். உப்புக்காற்று சட்டம் பார்க்காது.

துப்பாக்கியை வாங்கிவைக்கிற போலீஸ்காரர் மேலேயே கேஸ் போட வேண்டும் என்று எங்கள் ஆட்களில் சிலர் கொதிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ரசீது எழுதிக் கொடுக்கிற ஸ்டேஷன் ரைட்டர் மேலிடத்து உத்தரவைச் செய்கிறார், அவ்வளவுதான். கேட்க வேண்டிய ஆள் உத்தரவில் கையெழுத்துப் போட்டவர்.

லைசென்ஸ் வைத்திருக்கிற எல்லாரிடமும் ஒட்டுமொத்தமாக வாங்கிவைப்பது சரியல்ல என்பது புதிய சங்கதி இல்லை. 2009-ல் மும்பை உயர் நீதிமன்றத் தீர்ப்பை ஒட்டித் தேர்தல் ஆணையமே அறிவுறுத்தல் அனுப்பியது. மாவட்டந்தோறும் ஆய்வுக் குழு அமைத்து, ஜாமீனில் வெளியே இருப்பவர், குற்ற வழக்கில் சிக்கியவர், முன்பு கலவரத்தில் ஈடுபட்டவர் என்று ஆளாளுக்குப் பார்த்து முடிவெடுக்கச் சொன்னது. 2024 மார்ச்சில் அலகாபாத் உயர் நீதிமன்றமும் பொதுப்படையான உத்தரவு கூடாது, காரணம் வேண்டும் என்றது. ஆயுதச் சட்டத்தின் 17-வது பிரிவும், லைசென்ஸை நிறுத்திவைத்தாலோ ரத்து செய்தாலோ காரணத்தை எழுத்தில் பதியச் சொல்கிறது. போனில் சொல்வதில் என்ன காரணம் பதிவாகும்?

கேட்டால் அதே சட்டத்தின் 40-வது பிரிவைக் காட்டுவார்கள். நல்லெண்ணத்தோடு செய்த காரியத்துக்கு வழக்கு கிடையாது. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. குற்றவியல் சட்டத்தில், போதிய கவனம் இல்லாமல் செய்ததை நல்லெண்ணம் என்று ஏற்க மாட்டார்கள். மற்ற சட்டங்களில் வரும் சொற்களுக்குப் பொதுவாகப் பொருள் சொல்கிற 1897-ம் ஆண்டின் பொது வாசகச் சட்டமோ (General Clauses Act), அசட்டையாகச் செய்திருந்தாலும் நேர்மையாகச் செய்திருந்தால் போதும் என்கிறது. ஆயுதச் சட்டம் தனியாக விளக்கம் தராததால் இந்தத் தாராளமான அளவுகோல்தான் அதிகாரிக்குக் கிடைக்கும். சரி, தெரியாமல் செய்தவருக்கு அது இருக்கட்டும். ஆணையத்தின் கடிதம் மேசைக்கு வந்த பிறகும் பழைய நகலில் தேதியை மட்டும் மாற்றிக் கையெழுத்திடுபவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

அமெரிக்காவில் மிசௌரி மாநிலம் வேறு வழியில் போனது. அந்த மாநிலம் ஏற்காத மத்தியத் துப்பாக்கிச் சட்டங்களைத் தெரிந்தே அமல்படுத்தும் காவல் துறைக்கு 50,000 டாலர் அபராதம் என்று 2021-ல் சட்டம் போட்டார்கள். மத்தியச் சட்டத்தை மாநிலம் இப்படி முடக்க முடியாது என்று 2023-ல் நீதிமன்றம் அதைத் தள்ளியது. மறு ஆண்டு மேல்முறையீட்டிலும் அதே முடிவு. அது நின்றிருந்தாலும் அபராதம் துறையின் தலையில், அதாவது வரி கட்டுகிறவர் தலையில்தான் விழுந்திருக்கும்.

நம் நாட்டிலேயே நல்ல வழி இருக்கிறது. லக்னோ வளர்ச்சிக் குழும வழக்கில் 1993-ல் உச்ச நீதிமன்றம், மக்களை அலைக்கழித்ததற்கான இழப்பீட்டை அரசு முதலில் கொடுத்துவிட்டு, காரணமான அதிகாரியிடம் வசூலிக்க வேண்டும் என்றது. யாரையும் சிறைக்கு அனுப்பச் சொல்லவில்லை. எங்கள் சம்பள இழப்பும் துரு எடுக்கிற கூலியும் அவர் பையிலிருந்து வந்தால் போதும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். செப்டம்பர், அக்டோபரில் தலைவர்களின் நினைவு நாள், குருபூஜையை ஒட்டித் தடையுத்தரவு வருவது இந்த மாவட்டத்துக்குப் பழகிய ஒன்று. அதன் அவசியம் இங்கே வாழ்கிறவனுக்குத் தெரியும். பழைய வழக்கு உள்ளவரிடம் ஆயுதத்தை வாங்கிவைப்பதை நான் எதிர்க்கவில்லை. நான் கேட்பது என் பெயர் போட்ட நோட்டீஸ், அதில் ஒரு வரிக் காரணம், அடியில் அதிகாரியின் பெயரும் பதவியும். அது வந்தால் அன்று மாலையே துப்பாக்கியை ஸ்டேஷனில் கொடுத்துவிடுவேன். காரணம் தவறென்றால் ஆயுதச் சட்டத்தின் 18-வது பிரிவில் மேல்முறையீடு செய்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் ராணுவ வீரர்,
தொண்டி, ராமநாதபுரம் மாவட்டம்.