போலரைசர் பொருத்தும் கட்டணம் குறித்து நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து, தூரம் அளக்கும் சென்சாருக்குப் போலரைசர் (ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடும் வடிகட்டி) பொருத்தித் தரும் கட்டணம் ஒன்றுக்கு 85 வெள்ளியிலிருந்து 110 வெள்ளியாகிறது. ஜிஎஸ்டி 9 சதவீதம் வழக்கம்போலத் தனி. நம் பட்டறை இருக்கும் சிங்கப்பூர் காக்கி புக்கிட்டில் வாடகை ஏறிவிட்டது. நல்ல கண்ணாடிப் போலரைசரின் விலையும் ஏறிவிட்டது. உங்களில் பலருக்குப் பழக்கமான நம் மூத்த டெக்னீஷியன் பெரிய நிறுவனம் ஒன்றில் சேர்ந்துவிட்டார். அவர் நன்றாக இருக்கட்டும். புதிய தம்பி ஒருவர் வேலை பழகிக்கொண்டிருக்கிறார். விலை ஏறியதற்கு இவைதான் காரணம்.

இந்த மடல் நீள்வதற்குக் காரணம் வேறு. கொஞ்ச நாளாக வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. உங்களில் பலர் எனக்கே அனுப்பி, "என்ன அண்ணே இது?" என்று கேட்டீர்கள். "சிம் லிம் டவரில் சில வெள்ளிக்குக் கிடைக்கும் பிலிம் துண்டை ஒட்டிவிட்டுக் காசு பிடுங்குகிறார்கள், எல்லாம் வித்தை" என்கிறார் பேசியவர். சென்சார் ஒரு பேலட்டை (சரக்கு அடுக்கும் பலகை) தவறவிட்டதையும் சொல்கிறார். விலை அதிகம் என்று சொல்லியிருந்தால் உட்கார்ந்து பேசியிருக்கலாம். பிலிம் துண்டு, அதாவது போலரைசராகப் பயன்படும் மெல்லிய பிளாஸ்டிக் தாள், என்றதுதான் உறுத்துகிறது.

உங்களில் பெரும்பாலோரிடம் இருக்கும் சென்சார், பொருளின்மேல் லேசர் புள்ளி ஒன்றைப் போட்டு, அந்தப் புள்ளியைப் பக்கவாட்டிலிருந்து ஒரு லென்ஸ் வழியாகப் பார்க்கிறது. பொருள் முன்பின் நகர்ந்தால், லென்ஸுக்குப் பின்னால் ஒளியை உணரும் டிடெக்டரில் புள்ளியின் பிம்பம் இடம் மாறும்; அதை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுகிறது. மரம், சாதாரண அட்டை, சிமெண்ட் என்றால் வம்பில்லை. வார்னிஷ் போட்ட பெட்டி, பெயின்ட் அடித்த தகடு, பிளாஸ்டிக் டப்பா, ஈரத் தரை என்று வந்துவிட்டால் மேற்பரப்பிலேயே பட்டு ஒளி பளிச்சென்று திரும்புகிறது. அது டிடெக்டரில் இன்னொரு புள்ளியாக விழும், அல்லது அசல் புள்ளியை ஒரு பக்கம் வீங்க வைக்கும். எது அசல் என்று சென்சாருக்குத் தெரியாது; எது பிரகாசமோ அதை நம்பிவிடும். திரையில் எண் துள்ளுவது அதனால்தான்.

லேசர் ஒளி ஒரே தளத்தில் அதிர்ந்துகொண்டு போகிறது. மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் பளிச்சொளி அந்தத் தளத்தைப் பெரும்பாலும் மாற்றிக்கொள்வதில்லை. பெயின்டுக்குள்ளோ பிளாஸ்டிக்குக்குள்ளோ புகுந்து, துகள்களில் பலமுறை மோதி வெளியே வரும் ஒளி மட்டும் எல்லாத் திசையிலும் கலைந்திருக்கும். லென்ஸுக்கு முன்னால் போலரைசரை லேசரின் தளத்துக்குச் செங்குத்தாக நிறுத்தினால் பளிச்சொளி தடைபடும், கலைந்த ஒளியில் சுமார் பாதி உள்ளே போகும். எங்களுக்கு வேண்டியது அந்தப் பாதிதான். இதை வித்தை என்கிறார்கள். 1808இல் பாரிசில், லக்சம்பர்க் அரண்மனை சன்னலில் பட்டுத் திரும்பிய மாலை வெயிலை, ஒளியை அதிர்வுத் தளப்படி பிரிக்கும் கால்சைட் படிகம் வழியாகப் பார்த்த எத்தியன் லூயி மாலுஸ், படிகத்தைத் திருப்பத் திருப்பப் பிம்பம் மங்குவதைக் கண்டார். எந்தக் கோணத்தில் எவ்வளவு ஒளி உள்ளே போகும் என்று அவர் வகுத்த விதியை வைத்துத்தான் இன்றும் கோணம் பார்க்கிறோம்.

கோணம் என்றேனே, காசு அங்கேதான் போகிறது. போலரைசர் 10 டிகிரி பிசகி நின்றால் பளிச்சொளியில் 3 சதவீதம் உள்ளே வந்துவிடும். 3 சதவீதம்தானே என்று தோன்றும். பளபளப்பான பரப்பில் அந்த ஒளி, வேண்டிய ஒளியைப்போல் நூறு மடங்கு இருந்தால் உள்ளே வருவது மூன்று பங்கு. வேண்டியதோ அரைப் பங்கு. சென்சார் பழையபடி பொய் சொல்லும். அதனால் உங்கள் பொருளையே எதிரில் வைத்து, சிறிது சிறிதாகத் திருப்பி, பளிச்சொளி மிகக் குறையும் இடத்தில் நிறுத்தி இறுக்குகிறோம். அப்புறம் லென்ஸின் முன் புதிதாக ஒரு கண்ணாடி வந்துவிட்டதால் ஒளியின் வழி சற்றே விலகும். கேஜ் பிளாக் என்னும் துல்லியமான அளவுக் கட்டையை வைத்து அளவுகளை மறுபடி சரிபார்க்கிறோம். ஒட்டுவது அரை நிமிட வேலை. மற்றதற்குத்தான் நேரம் பிடிக்கிறது.

பிலிமே கூடாது என்று நான் சொல்லவில்லை. சிவப்பு லேசர் என்றால் அதுவும் ஓரளவு வேலை செய்யும். ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கென்று செய்த சாதாரண பிலிம், 850 அல்லது 905 நானோமீட்டர் அகச்சிவப்பில் இயங்கும் சென்சாருக்கு உதவாது. சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே பாருங்கள். இரண்டு துண்டு பிலிமைக் குறுக்கே வைத்தால் கண்ணுக்கு ஒரே இருட்டு. அதே இரண்டையும் டிவி ரிமோட்டின் முனையில் பிடித்து, கைத்தொலைபேசியின் முன்பக்கக் கேமரா வழியாகப் பாருங்கள். பல தொலைபேசிகளில் ரிமோட்டின் விளக்கு மினுங்குவது தெரியும். அப்புறம் நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் சராசரியே 80 சதவீதத்துக்கு மேல். குளிரூட்டி இல்லாத கிடங்கில், வெயில் ஏறும் கூரையின் கீழ், அயோடின் சாயமேற்றிய பிலிம் நாளடைவில் வெளுத்துப்போகும். அன்றைக்கு யாரைக் கூப்பிடுவீர்கள்? எங்களைத்தான்.

குரல் பதிவில் சொன்ன பேலட் விவகாரத்துக்கும் வருகிறேன். ஸ்ட்ரெட்ச் ரேப் சுற்றிய பேலட்டைச் சென்சார் தவறவிட்டது உண்மை. இழுத்துச் சுற்றிய பிளாஸ்டிக் தாள் ஒளியின் அதிர்வுத் தளத்தையே திருப்பிவிடும். செங்குத்தாக நிற்கும் போலரைசர் அதைக் கலைந்த ஒளி என்று எண்ணி உள்ளே விட்டுவிடும். இது இயற்பியல், யாருடைய கைக்குறையும் இல்லை. பொருத்திய அன்றே வாயாலும் சொன்னோம், பில்லின் பின்பக்கமும் எழுதிக் கொடுத்தோம். அந்த மாதிரி இடத்தில் சென்சாரைச் சாய்த்து வைக்க வேண்டும் அல்லது வேறு வகைக்குப் போக வேண்டும். பாலிஷ் போட்ட வெறும் எவர்சில்வருக்கும் இதே பதில்தான். அதற்குள் புகுந்து கலைந்து வரும் ஒளியே கிடையாது.

துவாஸ், ஜூரோங், உட்லண்ட்ஸ் பக்கத்திலிருந்து இத்தனை காலம் எங்களைத் தேடி வரும் உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. கோவிட் நேரத்தில் வேலை இல்லாதபோதும் பழைய சென்சார்களைத் தேடியெடுத்துப் பழுதுபார்க்க அனுப்பினீர்கள். அந்தக் குரல் பதிவுக்குக் கீழேயே "எங்களிடம் நன்றாகத்தான் ஓடுகிறது" என்று பதில் போட்ட மசாலா பாக்கெட் போடும் அக்காவுக்குத் தனியாக ஒரு நன்றி. நான் கேட்டு அவர்கள் அப்படிப் போடவில்லை, நம்புங்கள். ஏற்கெனவே முன்பணம் கட்டியவர்களுக்குப் பழைய விலையேதான். ஆண்டுக்கொரு முறை இலவசமாக வந்து பார்ப்பது இந்த டிசம்பரோடு நிற்கிறது. போலரைசர் பொருத்தினால் உள்ளே போகும் ஒளி குறைந்து, அளக்கும் தொலைவும் சற்றுக் குறையும் என்பதால், சென்சாரின்மேல் நாங்கள் ஒட்டும் ஸ்டிக்கரில் உள்ள எண்ணையே கணக்கில் கொள்ளுங்கள்.

புதிதாகப் பொருத்த வருகிறவர்கள் சென்சாரை மட்டும் கொண்டு வர வேண்டாம். அளக்கப்போகும் பெட்டியோ டப்பாவோ தகடோ, அதில் ஒன்றையும் கூடவே எடுத்து வாருங்கள். சனிக்கிழமை மதியம்வரை பட்டறையில் இருப்பேன். கோணம் பார்ப்பதைப் பக்கத்தில் நின்றே பார்க்கலாம். குரல் பதிவு போட்டவரும் வரலாம், காப்பி என் செலவு.

அன்புடன்,
பட்டறை உரிமையாளர்