பெட்டியில் கிடந்த கொம்பன்

ஐயா,

பல வருடம் பெட்டியில் கிடந்த பழைய எலும்புகளிலிருந்து புது டைனோசர் இனம் கண்டுபிடித்த செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். குப்பத்தில் முப்பது வருடமாகக் கிரானைட் பாலிஷ் பட்டறை வைத்திருக்கிறேன். "தாத்தா, நம்ம கல்லுக்குள்ளயும் இருக்குமா?" என்று பேத்தி கேட்டாள். இருக்காதும்மா, இது பாறைக் குழம்பு உறைந்த கல். எலும்பு தங்குவது மணலும் வண்டலும் படிந்து இறுகிய பாறையில்தான்.

நம் நாட்டிலேயே இப்படி நடந்திருக்கிறது. குஜராத்தின் ரஹியோலியில் 1982 முதல் 1984 வரை எடுத்த டைனோசர் எலும்புகள் இருபது வருடம் போலக் காத்துக் கிடந்தன. அப்புறம் மண்டை ஓட்டுத் துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால், நெற்றியில் ஒற்றைக் கொம்பு! 2003இல் ராஜாசாரஸ் என்று பெயர் வைத்தார்கள்.

அரியலூர் கல்லமேட்டு எலும்புகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1987இல் பிருகத்காயோசாரஸ் என்று பெயர் சூட்டிய ராட்சத டைனோசர் அது. எலும்புகள் பொடிந்தே போய்விட்டன, மிச்சம் படங்கள்தான். சாதாரண கிரானைட் ஸ்லாப்பையே நாங்கள் உடையாமலிருக்க வைக்கோல் வைத்துத்தான் லாரியில் ஏற்றுகிறோம்.

அரியலூர்ப் பக்கம் கிடைத்த மற்ற புதைபடிவங்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்று தங்கள் நிருபர் ஒருமுறை நேரில் பார்த்து எழுதலாமே?

இப்படிக்கு,
ஒரு பட்டறைக்காரர்,
குப்பம், சித்தூர் மாவட்டம்.