கட்டிலை இறக்கிய கைகளுக்கு

கிறிஸ்துவுக்குள் பிரியமான சபையாருக்கும், கும்பிடும் இடம் வேறாக இருந்தாலும் எங்களுக்காக ஓடிவந்தவர்களுக்கும், ஏரலுக்குப் பக்கத்தில் ஆற்றங்கரை ஊர் ஒன்றிலிருந்து ஒரு தையல்காரி எழுதிக்கொள்வது.

இந்த மடல் ஒரு வருஷம் தாமதம். எழுத உட்காரும்போதெல்லாம் யாராவது ஒருவரை விட்டுவிடுவேனோ என்று பயந்து எழுந்துவிடுவேன். இப்போதும் விடுபடத்தான் போகிறது. பாதிப் பேருடைய முகம் தெரியும், பெயர் தெரியாது. சரி, தெரிந்தவரைக்கும் எழுதிவிடுகிறேன்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வீடு திரும்பும்போது பிடித்துக்கொண்ட மழை விடவேயில்லை. மறுநாள் காலை வரைக்குமான ஒரு நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62 என்று பிற்பாடு பேப்பரில் படித்தோம். அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்த அளவுகோல் எதிர்வீட்டு மாடிப்படிதான். பத்து மணிக்கு இரண்டாம் படி, நள்ளிரவில் ஆறாம் படி. தாமிரபரணி எங்கள் தெருவை வாய்க்காலாக எடுத்துக்கொண்டது.

முதல் நன்றி அந்த எதிர்வீட்டு அண்ணாச்சிக்கு. எங்களுடையது ஓட்டு வீடு. கிறிஸ்துமஸ் தையல் மும்முரம்; மூன்று மெஷின், மேலே அடுக்கிய துணி. நான் அதைத் தூக்குவதா இதைத் தூக்குவதா என்று தடுமாறிக்கொண்டிருந்தபோது, டார்ச்சோடு முழங்கால் தண்ணீரில் வந்து நின்றார். "மெசினு கெடக்கட்டும் தங்கச்சி, மொதல்ல தம்பியக் கூட்டிட்டு வா." அவர் சொன்னதால்தான் எனக்குப் புத்தி வந்தது.

தம்பி என்று அவர் சொன்னது என் வீட்டுக்காரரை. நாலு வருஷமாக டயாலிசிஸ். திங்கள் ஒரு தடவை, வியாழன் ஒரு தடவை, ஒவ்வொன்றும் நாலு மணி நேரம். குடிக்கிற தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும். வாழைப்பழமும் இளநீரும் பொட்டாசியம் என்று விலக்கு; வாழைக்காட்டுக்கு நடுவே பிறந்த மனுஷனுக்கு வந்த சோதனையைப் பாருங்கள். வியாழன் செய்து வந்திருந்தார். திங்கட்கிழமை போக வேண்டியது. திங்கட்கிழமை எங்கே போவது? ரோடு இல்லை, கரண்ட் இல்லை, போனில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லை.

அந்த மாடியில் பத்தொன்பது பேர் இருந்தோம். அண்ணாச்சி மனைவி, நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவர்கள், மாடிக்குத் தூக்கிவந்த ஒரே சிலிண்டரில் மூன்று வேளையும் கஞ்சி வைத்தார்கள். இவருக்கு மட்டும் உப்புப் போடுவதற்கு முன்னாலேயே ஒரு கிண்ணம் தனியாக எடுத்து வைத்தார்களே, அதை எப்படி மறப்பேன்? வெள்ளத்தில் மிதந்து வந்த இளநீர்க் குலையைப் பையன்கள் கம்பால் இழுத்து வெட்டினார்கள். எல்லாரும் குடித்தோம். இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்ணுக்கெட்டிய தூரமெல்லாம் தண்ணீர், இவர் கையில் மட்டும் அளவு டம்ளர்.

திங்கள் ராத்திரி இவரால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டும். முகம் வீங்கியிருந்தது. சுவரில் சாய்த்து உட்கார வைத்துவிட்டு, பக்கத்தில் நான் மணி பார்த்துக்கொண்டு இருந்தேன். அப்போதுதான், ஆலய வேலை பார்க்கும் கோயில்பிள்ளை வீட்டுப் பெரியம்மா பாட ஆரம்பித்தார்கள். எண்பது வயது, பல் ஒன்றும் கிடையாது, பாதி வார்த்தை காற்றாகத்தான் வரும். ஒரு கீர்த்தனை, அப்புறம் இன்னொன்று. நம் சபையார் மூன்று நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். அண்ணாச்சியின் சின்ன மகள் தாளம் போட்டாள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தண்ணீரைக் கடக்கும்போது உன்னோடு இருப்பேன் என்ற ஏசாயா வசனம் எங்கள் வீட்டு நிலைக்கு மேலே சட்டம் போட்டு மாட்டியிருந்தது. அந்தச் சட்டமே தண்ணீருக்குள் கிடந்தது. "பெரியம்மா, கொஞ்சம் நிறுத்துங்க, எனக்கு ஸ்தோத்திரம் சொல்ல ஒண்ணும் இல்ல" என்றேன். அவர்கள் கோபிக்கவில்லை. "ஏட்டி, நீ பாட வேண்டாம், சும்மா இரு. ஒனக்கும் சேத்து நாங்க பாடுதோம்" என்றார்கள். பாடினார்கள்.

பிலிப்பிச் சிறைச்சாலையில் பவுலும் சீலாவும் நடு ராத்திரியில் துதித்துப் பாடியதைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். அந்த வசனத்தின் கடைசியில், கட்டுண்டவர்கள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று இருப்பதை அன்றுதான் கவனித்தேன். அந்த மாடியில் நான் பவுலும் இல்லை, சீலாவும் இல்லை. கேட்டுக்கொண்டிருந்த கைதி. பெரியம்மா, நீங்கள் அன்றைக்குப் பாடியது எனக்கு ஆறுதலாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் நிறுத்தியிருந்தால், இவர் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும்தான் விடிய விடியக் கேட்டிருக்கும்.

செவ்வாய் மத்தியானம் போட் வந்தது. சென்னையில் இருக்கும் என் அக்கா மகன் இரண்டு நாளாகத் தூங்காமல் வாட்ஸ்அப் குழு ஒன்று விடாமல் எங்கள் தெருவின் அடையாளத்தை அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறான். கடற்கரை ஊரிலிருந்து ஃபைபர் வள்ளத்தை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, எங்கள் வாழைத்தோட்டத்துக்கு மேலேயே ஓட்டி வந்தார்கள் அந்த அண்ணன்மார்.

இவரை எப்படி இறக்குவது? படி பாதிக்கு மேல் தண்ணீர், சுழித்துக்கொண்டு ஓடுகிறது. ஒரு அண்ணன் மேலே ஏறி வந்து, மாடியில் கிடந்த நார்க்கட்டிலைத் தட்டிப் பார்த்தார். நாலு காலிலும் வள்ளத்துக் கயிற்றைக் கட்டினார். அவர் போட்ட முடிச்சு, நான் ஊசியில் போடுகிற முடிச்சைவிட நேர்த்தி. மூன்று தலையணையை முட்டுக் கொடுத்து இவரைச் சாய்த்து உட்கார வைத்து, மூலைக்கு ஒருவராக நாலு பேர் கயிற்றைப் பிடித்துச் சன்ஷேடுக்கு மேலாக மெதுவாக விட்டார்கள். ஒரு மூலையில் எதிர்வீட்டு அண்ணாச்சி, ஒரு மூலையில் எங்கள் கோயில்பிள்ளை, இரண்டு மூலையில் ஊர் பேர் தெரியாத மீனவர்கள். "தலைப்பக்கம் கொஞ்சம் விடு, காலப் பிடி, விடு, விடு." கட்டில் வள்ளத்தில் உட்கார்ந்ததும் கோயில்பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்து, "மாற்கு ரெண்டாம் அதிகாரம்" என்றார். மூன்று நாளில் அப்போதுதான் சிரித்தேன்.

அந்த அதிகாரம் உங்களுக்குத் தெரிந்ததுதான். திமிர்வாதக்காரனை நாலு பேர் சுமந்துவந்து, கூட்டத்தினால் உள்ளே போக முடியாமல், கூரையைப் பிரித்துப் படுக்கையோடு இறக்குகிறார்கள். இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு பேசினார் என்று எழுதியிருக்கிறது. படுத்திருந்தவனுக்கு விசுவாசம் இருந்ததா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. நம் ஊரில் நாலு பேர் வேண்டும் என்றால் கடைசிப் பயணத்துக்குத்தான் சொல்வார்கள். என் வீட்டுக்காரருக்கு உயிரோடு இருக்கும்போதே நாலு பேர் கிடைத்தார்கள்.

வள்ளம், டிராக்டர், அப்புறம் 108 வண்டி. முக்கால் மணி நேரத்துப் பாதை அன்று ஐந்தரை மணி நேரம். டயாலிசிஸ் ஊசி குத்தும்போது ராத்திரி ஒன்பது. தன் வீட்டிலும் தண்ணீர் புகுந்திருந்தும் போகாமல் இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்த அந்த நர்ஸ் பிள்ளைக்கு நன்றி. "அங்கிள், லேட்டா வந்தா அட்டெண்டன்ஸ் கிடையாது" என்று கேலி செய்துகொண்டே குத்தினாள்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ரேஷன் கடையில் வந்த 6,000 ரூபாயில் கட்டிலும் அரிசியும் வாங்கினோம். காயல்பட்டினத்திலிருந்து வந்த பாய் தம்பிகள், தங்கள் வீடுகளிலேயே வெள்ளம் புகுந்திருந்தும், போர்வையும் பாத்திரமும் கொண்டுவந்து தந்தார்கள். சேறு குடித்த மூன்று மெஷினையும் மெக்கானிக் தம்பி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பல் துலக்குகிற பிரஷால் தேய்த்து, இரண்டைப் பிழைக்க வைத்தார். இதெல்லாம் பாவத்துக்கு வந்த தண்டனை என்று போன் போட்டு விளக்கிய ஒருவரும் உண்டு. அவருக்கு இந்த மடலில் இடம் இல்லை.

துணி கொடுத்திருந்த தாய்மார்களில் ஒருவர்கூட நஷ்டம் கேட்கவில்லை. ஒருவர் தன் மகளுடைய வெள்ளை ஃபிராக்கை எட்டுத் தண்ணீரில் அலசி எடுத்து வந்து, "மீதியைத் தைச்சுத் தாங்கக்கா" என்றார். லேஸில் ஏறிய வண்டல் நிறம் போகவில்லை, டீயில் முக்கியதுபோல இருந்தது. அந்தப் பிள்ளை அதைப் போட்டுக்கொண்டுதான் கிறிஸ்துமஸ் ஆராதனையில் முன் வரிசையில் நின்றது.

அந்த ஆராதனைக்குப் பெஞ்சு கிடையாது, எல்லாம் ஊறி உப்பிப்போயிருந்தது. தரையில் உட்கார்ந்தோம். எங்கள் சபைப் போதகர் ஐயர், வேதத்தில் ஆபகூக் புத்தகத்தை எடுத்துக்கொண்டார். அத்திமரம் துளிர்க்காவிட்டாலும், வயல் விளையாவிட்டாலும், தொழுவத்தில் மாடு இல்லாவிட்டாலும் கர்த்தருக்குள் மகிழ்வேன் என்று தீர்க்கதரிசி சொல்லும் இடம். கோரம்பள்ளம் குளம் உடைந்து அத்திமரப்பட்டியில் வாழை அழிந்ததை அப்போதுதான் கேட்டிருந்தோம். ஐயர் அந்த ஊர்ப் பெயரைச் சொல்லி நிறுத்தினார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. நீளமான பிரசங்கத்தைவிட அது எனக்குப் போதுமாக இருந்தது. ஐயரே, நன்றி.

இவருக்கு இன்னும் திங்கள், வியாழன்தான். மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிந்து வைத்திருக்கிறோம். நான் எப்போது மறுபடி பாட ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியாது. ஜனவரியில் ஒரு நாள் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தபோது இவர்தான் கட்டிலிலிருந்து, "சுருதி சேரல" என்றார். அப்போதுதான் வாயில் பாட்டு இருப்பதைக் கவனித்தேன். ஒரு வருஷமாகச் சேராத சுருதியிலேயே கர்த்தரைத் துதித்துக்கொண்டிருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. அந்த வாரத்தில் யாரோ சாப்பாடு அனுப்பிய மூன்றடுக்கு டிபன் கேரியர் எங்கள் வீட்டில் இருக்கிறது. மூடியில் மு.செ. என்று வெட்டியிருக்கிறது. விசாரித்துப் பார்த்தேன், ஆள் அகப்படவில்லை. உங்களுடையது என்றால் வரும் அசனத்தன்று, நம் சபை விருந்துக்கு வாருங்கள், தெரிந்தவர் என்றால் சொல்லி அனுப்புங்கள். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் எங்கள் பக்கம் இல்லை. மூன்று அடுக்கும் நிரப்பித்தான் தருவேன்.