பாப்பாவுக்கு அம்மா எழுதுவது

பாளையங்கோட்டை

அன்புள்ள பாப்பாவுக்கு ஸ்தோத்திரம்.

கர்த்தருடைய கிருபையால் நாங்கள் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை. நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? மாத்திரையை நிறுத்திவிடாதே.

போன வாரம் போனில், "இனிமேல் எனக்குப் புத்தகம் அனுப்பாதீங்கம்மா, எல்லாத்துலயும் கடைசிப் பக்கத்துல எல்லாம் சரியாயிடுது" என்று சொன்னாய். சொன்ன கையோடு சிக்னல் சரியில்லை என்று வைத்தும்விட்டாய். எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்தப் பேச்சு மனதைவிட்டுப் போகவில்லை. திரும்பக் கூப்பிட்டால் நான் அழுவேன், நீ வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ சொன்னது நியாயம்தான். நான் அனுப்புகிற கதைகளில் முக்கால்வாசி அப்படித்தான் முடியும். பிரெய்ரி புல்வெளியில் ஒரு மரவீடு, நொந்துபோன ஒரு பெண், தேவபயம் உள்ள ஒரு மனுஷன், கடைசியில் ஸ்தோத்திரம். ஜானெட் ஓக் 1979-இல் ஆரம்பித்து வைத்த அந்த வரிசையைத் தேடித்தேடி வாங்கினவள் நான். பள்ளிக்கூடம் விட்டு வந்து, மாவாட்டி, நோட்டுத் திருத்தி, நீங்கள் எல்லாரும் படுத்த பிறகு அடுப்படி விளக்கில் உட்கார்ந்தால், எனக்கு நல்லபடி முடிகிற கதைதான் வேண்டியிருந்தது. அதை இப்போதும் சொல்வேன். அதிலும் அந்த மார்ட்டி, கதை தொடங்கும்போதே புருஷனை அடக்கம்பண்ணிவிட்டு, போக இடமில்லாமல்தான் நிற்கிறாள். சும்மா சிரித்துக்கொண்டு வரவில்லை.

சரி, அதை விடு. அந்தக் கதைகள் மட்டும்தான் அம்மாவிடம் இருக்கிறது என்று நீ நினைத்துவிடக்கூடாது.

ஆச்சிக்குக் கதைப் புத்தகமே ஆகாது, உனக்குத் தெரியும். "அந்த நேரத்துக்கு வேதத்துல நாலு அதிகாரம் வாசிக்கலாமே" என்பார்கள். ஜான் பனியன் எழுதின மோட்சப் பிரயாணத்துக்கு மட்டும் விதிவிலக்கு, கிறிஸ்தியான் என்கிறவன் மோட்சத்துக்கு நடந்து போகிற கதை. சாயங்கால ஜெபம் முடிந்ததும் நான் வாசிக்க, நீ ஆச்சி மடியில் கிடந்துகொண்டு, அவன் அப்பொல்லியோன் என்கிற பிசாசோடு போடுகிற சண்டையை மறுபடியும் வாசி, மறுபடியும் வாசி என்று கத்துவாய். அதற்கு இரண்டாம் பாகம் ஒன்று இருக்கிறது. பனியன் 1684-இல் எழுதினது. கிறிஸ்தியானுடைய மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அதே வழியில் புறப்படுகிற கதை. சண்டை குறைச்சல் என்று நீ கேட்கவே மாட்டாய். இப்போது அதைத்தான் தினமும் மத்தியானம் வாசிக்கிறேன், குருத்தோலை ஞாயிறன்று வாங்கின ஓலைச் சிலுவையை அடையாளத்துக்கு வைத்துக்கொண்டு.

அதில் ஒருவர் வருகிறார், அச்சம் என்பதே அவர் பெயர். அவநம்பிக்கைச் சேற்றுக்கு வந்தவர் ஒரு மாதத்துக்கும் மேலே அதன் கரையிலேயே கிடந்து அழுகிறார். மற்றவர்கள் அவரைத் தாண்டித் தாண்டிப் போகிறார்கள். அவரால் முன்னே போக முடியவில்லை, ஆனால் வீட்டுக்குத் திரும்பிப் போகவும் மாட்டேன் என்கிறார். வாசலுக்கு வந்த பிறகும் தட்டத் தைரியமில்லை. பின்னால் வருகிறவர்களுக்கெல்லாம் வழிவிட்டு, நடுங்கிக்கொண்டு ஓரமாக நிற்கிறார். ஆனால் பாரேன், தாழ்மையின் பள்ளத்தாக்குக்கு வந்ததும் அந்த மனுஷன் தரையில் படுத்து மண்ணைக் கட்டிக்கொள்கிறார், அங்கே பூத்திருக்கிற பூவை முத்தமிடுகிறார். கிறிஸ்தியான் அப்பொல்லியோனோடு மல்லுக்கட்டின அதே பள்ளத்தாக்கு! கடைசியில் ஆற்றங்கரைக்கு வந்து மறுபடியும் பயப்படுகிறார். அன்றைக்கென்று ஆற்றில் தண்ணீர் எப்போதும் இல்லாத அளவு வற்றிக் கிடக்கிறது. பாதம் நனைய நடந்தே போய்விடுகிறார். வழித்துணையாகப் போனவர் அவரை ஒரு இடத்திலும் அதட்டுவதில்லை, விசுவாசம் போதாது என்று சொல்வதில்லை, அவர் நடைக்கு நடந்து போகிறார். பாப்பா, இதை உனக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

பனியன் அனுமதியில்லாமல் பிரசங்கம் பண்ணினதற்காகப் பெட்ஃபோர்ட் சிறையில் பன்னிரண்டு வருஷம் இருந்தவர். பிள்ளைகளை விட்டு வந்தது எலும்பிலிருந்து சதையைப் பிய்த்தது போல இருந்தது என்றும், அதிலும் கண் தெரியாத மகள்தான் நெஞ்சுக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தாள் என்றும் தன் சரித்திரத்தில் எழுதிவைத்திருக்கிறார். அந்த மனுஷனுக்கு வலி தெரியும். நம்ம கரையிருப்பில் பிறந்த கிருஷ்ண பிள்ளை சும்மாவா அந்தக் கதையை எடுத்து இரட்சணிய யாத்திரிகமாகப் பாடினார்?

துக்கத்தையும் கேள்வியையும் மறைக்காமல் எழுதின விசுவாசிகளும் உண்டு. நார்னியா கதைகள் எழுதின சி. எஸ். லூயிஸ் 1956-இல் ஒரு நாவல் எழுதினார். அதில் ஒரு ராணி, தெய்வங்கள் தனக்குச் செய்த அநியாயத்தை வரிசையாக எழுதி, இதற்குப் பதில் சொல் என்று கேட்கிறாள். புத்தகத்தில் பெரும்பகுதி அந்தப் புகார்தான். அவ்வளவு ஏன், 88ஆம் சங்கீதத்தை எடுத்துப் பார். அது இருளில்தான் முடிகிறது. அதையும் வேதத்தில்தானே வைத்திருக்கிறது.

காலேஜில் நீ 'புத்தம் வீடு' நாவலைப் பற்றி எழுதின கட்டுரை இன்னும் என்னிடம் இருக்கிறது. லிஸியைப் பற்றி அப்படி எழுத நம்ம குடும்பத்தில் யாருக்கு வரும்! ஹெப்சிபா ஜேசுதாசன் அம்மா பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். அப்படிப்பட்ட பிள்ளை இப்போது ஒரு பக்கம்கூடப் படிப்பதில்லை என்று மாப்பிள்ளை சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. நீயே சொல்லியிருக்கலாம். ராத்திரி லைட்டை அணைத்துவிட்டு விழித்துக்கொண்டே கிடக்கிறாயாமே. நேரத்துக்குச் சாப்பிடு. எதையாவது படி. வேதம்தான் என்றில்லை, சமையல் குறிப்பாவது படி.

நம்ம சபைப் போதகரின் மனைவி, ஐயரம்மா, விசாரித்தார்கள். நல்லா இருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். மே மாதத்துக்கு அப்புறம் நீ ஆலயத்துக்குப் போகிறாயா என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து ஓரம் அடித்து வைத்திருந்த துணியையெல்லாம், சும்மாதானே கிடக்கிறது, தேவைப்படுகிறவர்களுக்குக் கொடு என்று அத்தை சொன்னாள். நான் கொடுக்கவில்லை. நீயாகச் சொல்கிற வரைக்கும் அது என் பீரோவிலேயே இருக்கட்டும்.

மாப்பிள்ளையிடம் டிக்கெட் போடச் சொல்லியிருக்கிறேன், அடுத்த மாதம் நாகர்கோவில் பெங்களூர் வண்டிக்கு. வேண்டாம் என்று சொல்லாதே. நான் வந்து உபதேசம் பண்ண மாட்டேன். புளிக்குழம்பு வைப்பேன், உனக்குத் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடுவேன். வாசிக்கச் சொன்னால் வாசிக்கிறேன், வேண்டாமென்றால் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

அன்புடன்,
அம்மா

பி.கு: இரும்புச்சத்து மாத்திரையைப் பாலோடு சாப்பிடாதே, உடம்பில் சரியாகச் சேராது. எலுமிச்சம்பழச் சாறு குடி. மாப்பிள்ளையிடமும் சொல்லியிருக்கிறேன்.