பச்சை என்றால் மூன்றாம் வகை அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்லீரல் தழும்பு பற்றி உங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் தழும்பில் சேரும் புரத இழையான கொலாஜனைக் காட்டும் படத்துக்குக் கீழே ‘சிவப்பு முதல் வகை கொலாஜன், பச்சை மூன்றாம் வகை’ என்று போட்டிருக்கிறீர்கள். இருபது வருடமாகத் திசுச் சீவல்களுக்குச் சாயமேற்றுகிறவள் நான். அது தவறு.

அந்தப் படத்துக்கான சிரியஸ் ரெட் என்ற சாயம் இரண்டு வகையையும் பிடிக்கும். தளவிளைவுற்ற ஒளியில், அதாவது ஒரே தளத்தில் அதிரும் ஒளியில், தெரியும் நிறம் இழையின் தடிமனையும் அது எவ்வளவு நெருக்கமாக அடுக்கியிருக்கிறது என்பதையும் பொறுத்தது. நுண்ணோக்கியின் மேடையை லேசாகத் திருப்பினால் மின்னிக்கொண்டிருந்த இழை அணைந்துபோகும். வேறொரு இழை எழும். ஒருமுறை 5 மைக்ரானுக்குப் பதிலாகச் சீவல் தடிமனாக வந்துவிட்டது. பச்சையாகத் தெரிய வேண்டிய இடமெல்லாம் மஞ்சளும் ஆரஞ்சுமாக நின்றது. திசு அதேதான், கொலாஜனும் அதேதான். வகை தெரிய வேண்டுமானால் அந்தந்த வகையை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடி வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

அப்புறம் இன்னொன்று. சாயத்தில் ஒரு மணி நேரம் வைத்த பிறகு ‘தண்ணீரில் கழுவ வேண்டும்’ என்று எழுதியிருக்கிறார்கள். அசிட்டிக் அமிலம் கலந்த தண்ணீர் என்று இருக்க வேண்டும்.

மாணவர்கள் வெட்டி எடுத்து வைக்கிற பக்கம் அது. தயவுசெய்து திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு திசுவியல் ஆய்வகப் பணியாளர்