ஒற்றைக்கல் மோதிரம் வாங்கப்போகும் தோழிக்கு

மதுரை

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதமும், அதனுடன் வைத்திருந்த மூன்று கடைகளின் எஸ்டிமேட் சீட்டுகளும் கிடைத்தன. மகனுக்குப் பெண் அமைந்ததும், அவள் நம் பக்கத்துப் பெண்ணாகவே இருப்பதும் மிகுந்த மகிழ்ச்சி. அண்ணனுக்கு முழங்கால் வலி குறைந்திருப்பதாக எழுதியிருந்தாய். கல்யாண அலைச்சல் தொடங்குமுன் அது முழுவதும் நீங்கிவிட வேண்டும். இங்கே நாங்கள் நலம்.

நிச்சயதார்த்தத்தன்று மருமகளுக்கு இரண்டு கேரட் ஒற்றைக்கல் வைர மோதிரம்தான் போட வேண்டும் என்று உன் மகன் பிடிவாதமாக இருப்பதையும், "இரண்டு கேரட் மோதிரம்" என்ற ஒரே கேள்விக்கு மூன்று கடைகளும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மூன்று விலைகளைச் சொன்னதில் நீ குழம்பிப் போயிருப்பதையும் படித்தேன். நான் வங்கியில் நகைக்கடன் பிரிவில் இருந்தவள், என் சம்பந்தி வீட்டார் தெற்காவணி மூல வீதியில் நகைத் தொழில் செய்பவர்கள் என்பதற்காக என்னிடம் கேட்டிருக்கிறாய். சீட்டுகளை நிதானமாகப் பார்த்தேன். கடைக்காரர்கள் யாரும் உன்னிடம் பொய் சொல்லவில்லை. அவர்கள் விலை சொன்னது மூன்று வெவ்வேறு பொருள்களுக்கு.

தங்கம் வாங்கிப் பழகிய நமக்கு வைரத்தின் விலை பிடிபடாமல் போவதற்குக் காரணம் இருக்கிறது. தங்கத்துக்குக் கிராம் விலை நாள்தோறும் காலையில் வெளியாகிறது. எந்தக் கடைக்குப் போனாலும் அந்த விலைதான், பேரம் பேசுவதெல்லாம் செய்கூலியிலும் சேதாரத்திலும் மட்டுமே. வைரத்துக்கு அப்படிப் பொதுவான விலை கிடையாது. வியாபாரிகளுக்குள் 1978இல் நியூயார்க்கில் தொடங்கிய ரேப்பபோர்ட் விலைப்பட்டியல் ஒன்று உண்டு. எடை, நிறம், தெளிவு ஆகியவற்றைக் கட்டம் கட்டி, ஒரு கேரட்டுக்கு இத்தனை டாலர் என்று அது சொல்லும். மும்பையிலும் சூரத்திலும் அந்தப் பட்டியல் விலையிலிருந்து இத்தனை சதவீதம் கழிவு என்று பேசித்தான் கற்கள் கைமாறுகின்றன. பட்டியல் விலையை அப்படியே கொடுப்பவர் அரிது. சில்லறைக் கடையோ தன் விலையைத் தானே வைத்துக்கொள்கிறது. ஆகவே ஆடி மாதத்தில் "வைரத்துக்குக் கேரட்டுக்கு இவ்வளவு தள்ளுபடி" என்று விளம்பரம் வந்தால் அதற்காக அவசரப்படாதே. தானே வைத்த விலையில் தானே குறைப்பது யாருக்கும் எளிது.

எனவே மொத்த விலையைக் கேட்பதை நிறுத்திவிட்டு, கல்லின் எடை எவ்வளவு, அந்தக் கல்லுக்குக் கேரட் விலை என்ன, கல் நீங்கலாகத் தங்கத்தின் நிகர எடை எவ்வளவு, செய்கூலி எவ்வளவு, வரி சேர்ந்ததா சேராததா என்று பிரித்து எழுதித் தரச் சொல். பிரித்துத் தர மறுக்கும் கடையில் இவ்வளவு பெரிய கல்லை வாங்க நான் சம்மதிக்க மாட்டேன். ஒரு கேரட் என்பது 200 மில்லிகிராம். இரண்டு கேரட் கல் 0.4 கிராம் எடைதான். அதைக் கழிக்காமல் தங்கக் கணக்கில் சேர்த்தாலும் இழப்பு பெரிதல்ல, ஆனால் கணக்கு எழுதும் கையின் நேர்மை அதில் தெரிந்துவிடும். நகையின் மொத்த மதிப்பில் ஜி.எஸ்.டி. 3 சதவீதம், இருபது லட்சத்துக்கு அறுபதாயிரம் ரூபாய் என்பதால், "வரி தனி" என்று கடைசியில் சொல்ல இடம் கொடுக்காதே.

இப்போது உன் சீட்டுகளுக்கு வருகிறேன். இரண்டாவது கடையின் சீட்டில் "மொத்த வைர எடை 2.00" என்று இருக்கிறதல்லவா? அதன் கீழே சிறிய எழுத்தில், நடுக்கல் 1.20 கேரட் என்றும் மீதி 80 சென்ட், அதாவது 0.80 கேரட், சுற்றிலும் பதிக்கும் பொடிக்கற்கள் என்றும் இருக்கிறது. பொடிக்கற்களின் கேரட் விலை பெரிய கல்லின் கேரட் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. பெரிய கல் இயற்கையில் அரிதாகக் கிடைப்பதால் எடை கூடக்கூட மொத்த விலையோடு கேரட் விலையும் ஏறிக்கொண்டே போகிறது. ஒரே தரத்தில் ஒரு கேரட் கல்லைப்போல இரண்டு கேரட் கல் இரண்டு மடங்கல்ல, மூன்று நான்கு மடங்கு விலைக்கும் போகும். ஆகையால் அந்த மோதிரம் மலிவாகத் தெரிவதில் வியப்பில்லை. பொடிக்கற்களுக்கு "ஈஎஃப்-விவிஎஸ்" (ஈ, எஃப் என்பவை நிறத்தின் தரம், விவிஎஸ் தெளிவின் தரம்) என்று இரண்டு நிறங்களைச் சேர்த்துச் சொல்வது வழக்கம், அதில் தவறில்லை. ஆனால் நடுக்கல்லுக்கும் அப்படியே எழுதியிருக்கிறார்கள். பெரிய கல்லுக்கு ஒரே நிறமும் ஒரே தெளிவும் குறிப்பிட்டு, தரம் பார்க்கும் ஆய்வகம் தந்த தனி அறிக்கை இருந்தே ஆக வேண்டும்.

மூன்றாவது கடையின் விலைதான் உன்னை அதிகம் மயக்கியிருக்கிறது என்று தெரிகிறது. அதில் குறித்திருக்கும் ஐஜிஐ என்ற தர ஆய்வகத்தின் அறிக்கை எண் "எல்ஜி" என்ற எழுத்துகளோடு தொடங்குகிறது. அது ஆய்வகத்தில் வளர்த்த வைரம். அதைப் போலி என்று ஒதுக்கிவிடாதே. நாம் சிறுமிகளாக இருந்தபோது திருச்சிப் பக்கத்தில் பட்டை தீட்டி வந்த செயற்கைக் கற்களைப் போன்றதல்ல அது. நிலத்தடி வைரம் எந்தக் கரியால் ஆனதோ அதே கரியால் ஆனது, வெறுங்கண்ணுக்கு மட்டுமின்றிக் கடைகளில் வைத்திருக்கும் சாதாரண வெப்பச் சோதனைக் கருவிக்கும் வேறுபாடு தெரியாது. 2023இல் நம் பிரதமர் அன்றைய அமெரிக்க அதிபரின் மனைவிக்குப் பரிசளித்த 7.5 கேரட் கல்கூட இவ்வகைதான். ஆனால் வேண்டுமளவு உற்பத்தி செய்யலாம் என்பதால் இதன் விலை ஆண்டுக்காண்டு சரிந்து வந்திருக்கிறது. திரும்ப விற்கப் போனால் கிடைப்பது சொற்பம். விரலில் அழகாக இருந்தால் போதும் என்று மருமகள் நினைத்தால், அவளுக்குத் தெரிந்தே இதை வாங்குவதில் எனக்கு மறுப்பில்லை. அப்போது இதன் விலையை இன்னொரு வளர்த்த கல்லின் விலையோடு மட்டும் ஒப்பிட்டுப் பார்.

எஞ்சியது முதல் கடை. 2.02 கேரட், எச் நிறம், விஎஸ்2 தெளிவு, ஜிஐஏ என்ற தர ஆய்வகத்தின் அறிக்கை என்று எல்லாம் ஒழுங்காக எழுதியிருக்கும் அந்தச் சீட்டில் விலைதான் மலைக்க வைக்கிறது. வைர விலை சீராக ஏறுவதில்லை, 1.00, 1.50, 2.00, 3.00 என்ற எடைகளில் படிப்படியாகத் தாவுகிறது. ரேப்பபோர்ட் பட்டியலே 1.50 முதல் 1.99 வரை ஒரு கட்டம், 2.00 முதல் 2.99 வரை அடுத்த கட்டம் என்றுதான் பிரிக்கப்பட்டிருக்கிறது. இதனால் பட்டை தீட்டுபவர், கல்லின் அழகு சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை, எடை இரண்டு கேரட்டைத் தொட்டால் போதும் என்று அடிப்பாகத்தைத் தடிமனாக விட்டுவிடுவதுண்டு. நீ அனுப்பிய அறிக்கை நகலில் கல்லின் விட்டம் 7.85 மில்லிமீட்டர், வெட்டின் தரம் "குட்". நன்றாக வெட்டிய இரண்டு கேரட் வட்டக்கல் 8.1 மில்லிமீட்டராவது இருக்கும். அதாவது 1.80 கேரட் கல்லின் அகலத்தை இரண்டு கேரட் விலைக்கு விற்கிறார்கள். மீதி எடை யார் கண்ணிலும் படாமல் கல்லின் அடியில் ஒளிந்திருக்கிறது. ஜிஐஏ அறிக்கையில் வட்டக்கல்லின் வெட்டுக்கு "எக்ஸலன்ட்", "வெரி குட்" என்ற இரண்டும் முதலில் வரும். "குட்" மூன்றாம் இடம்தான்.

என் யோசனை இது: 1.80 முதல் 1.95 கேரட்டுக்குள் "எக்ஸலன்ட்" வெட்டுள்ள கல்லைத் தேடித் தரச் சொல். 1.90 கேரட் கல்லுக்கும் 2.00 கேரட் கல்லுக்கும் விட்டத்தில் வேறுபாடு 0.15 மில்லிமீட்டரைக்கூட எட்டாது. அத்தகைய கற்கள் குறைவாகவே வரும், சில வாரங்கள் காத்திருக்க நேரலாம். நிச்சயதார்த்தத்துக்கு இன்னும் நாள் இருக்கிறதே. "இரண்டு" என்ற எண்ணில் உன் மகனுக்கு இருக்கும் ஆசைக்கு எவ்வளவு விலை என்பதை இரு எஸ்டிமேட்டுகளையும் அருகருகே வைத்து அவனிடமே காட்டு. வட்டம்தான் வேண்டும் என்றில்லாவிட்டால் முட்டை வடிவக் கல் கேரட் விலையில் குறைவு, விரலில் பெரிதாகவும் தோன்றும். ஆனால் அதன் நடுவே வில்போல ஒரு கருநிழல் விழுகிறதா என்பதைக் கல்லை அசைத்துப் பார்த்தே வாங்க வேண்டும்.

நிறத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். டி என்பது துளியும் நிறமற்றது. அங்கிருந்து எழுத்துகள் நகர நகர மஞ்சள் சாயல் ஏறும். பெரிய கல்லில் அந்தச் சாயல் சிறிய கல்லைவிடக் கூடுதலாகத் தெரியும் என்பது உண்மை. ஆனாலும் நம் வீடுகளில் மோதிரம் மஞ்சள் தங்கத்தில்தானே கட்டுகிறோம்? மஞ்சள் தங்கத்தில் பதித்தபின் எச், ஐ நிறங்களை எஃப் நிறத்திலிருந்து பிரித்தறிவது எளிதல்ல, விலையிலோ பெரிய இறக்கம். வெள்ளைத் தங்கத்திலோ பிளாட்டினத்திலோ என்றால் ஜி வரை போகலாம். தெளிவில் விஎஸ்ஸுக்கு மேற்படியான விவிஎஸ் வரை ஏற வேண்டியதில்லை; விஎஸ்2 கல்லின் குறைகள் பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கண்ணாடியில்தான் தெரியும். இந்த இடத்தில் அண்ணன் ஒப்புக்கொள்ள மாட்டார் என்று எனக்குத் தெரியும். கரும்புள்ளி இருந்தால் தோஷம் என்று நம் பெரியவர்கள் சொன்னதையும், வைரத்தை வாங்குமுன் சில நாள் வீட்டில் வைத்து ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்ததையும் கண்டு வளர்ந்தவர்கள் நாம். அறிக்கையில் குறைகளின் படம் இருக்கும். அந்த இடங்களைக் கல்லிலேயே கண்ணாடி வைத்துப் பார்த்து, கரும்புள்ளி இல்லாத, வெண்ணிறக் குறை மட்டும் உள்ள விஎஸ் கல்லாகக் கேட்டால் அவர் மனமும் அமையும், பணமும் மிஞ்சும்.

இன்னொன்றில் நம் பெரியவர்களும் இன்றைய சந்தையும் நேர் எதிர். உன் மாமியார் தன் ஏழு கல் தோட்டை ப்ளூ ஜாகர் என்று சொல்லி எவ்வளவு பெருமையாக எடுத்துக் காட்டுவார்! தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்துக் கற்களுக்கு வந்த பெயர் அது. அவற்றின் நீலச் சாயலுக்காகவே நம் ஊரில் அதிகம் கொடுத்து வாங்கினார்கள். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டுக் கல் நீலமாக ஒளிர்வதே அந்தச் சாயலுக்குக் காரணம். இன்று அதே பண்பு அறிக்கையில் "ஃப்ளோரசன்ஸ்" என்ற தலைப்பில் வருகிறது. டி முதல் ஜி வரையான நிறங்களில் அது வலுவாக இருந்தால் விலையைக் குறைக்கிறார்கள். ஐ, ஜே நிறக் கற்களில் அதே நீலம் மஞ்சளைச் சற்று மறைத்துக் கல்லை வெளுப்பாகக் காட்டும். எனவே நடுத்தர நீல ஒளிர்வுள்ள ஐ நிறக் கல் கிடைத்தால் விட்டுவிடாதே. கடைக்கு வெளியே கொண்டுவந்து வெயிலில் பார்த்து, பால் கலந்ததுபோல் மங்கவில்லை என்று உறுதி செய்துகொண்டால் போதும்.

அறிக்கை விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. மோதிரத்தில் பதித்த கல்லின் நிறத்தையும் எடையையும் யாராலும் துல்லியமாகச் சொல்ல முடியாது. ஆகவே கல்லைத் தனியாகப் பார்த்து, அறிக்கை எண் கல்லின் விளிம்பில் லேசரால் பொறிக்கப்பட்டிருப்பதைக் கண்ணாடி வைத்துக் காட்டச் சொல்லி, அந்த எண்ணை ஆய்வகத்தின் இணையதளத்தில் உன் மகனை விட்டுச் சரிபார்த்த பிறகே கட்டக் கொடு. இயற்கைக் கல்லுக்கு நான் ஜிஐஏ அறிக்கையையே கேட்பேன். தாராளமாகத் தரம் போடும் ஆய்வகத்தின் ஜி, கண்டிப்பான ஆய்வகத்தில் ஐ ஆகிவிடக்கூடும், அப்போது மலிவாகத் தெரிந்த விலை மலிவே அல்ல. மோதிரத்தின் உட்புறம் இருக்கும் ஹால்மார்க்கும் ஆறு எழுத்தெண்கள் கொண்ட எச்யூஐடி குறியும் தங்கத்துக்கு மட்டுமே சான்று; கல்லைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை. தங்கம் 22 கேரட்டில் வேண்டாம், கல்லைப் பிடித்திருக்கும் கொக்கிகள் வளைந்துவிடும். 18 கேரட் போதும்.

இதையெல்லாம் முதலீடு என்று மட்டும் எண்ணாதே. நகைக்கடன் கேட்டு வைர நகையோடு வருபவர்களிடம், கல்லின் எடையைக் கழித்துத் தங்கத்துக்கு மட்டுமே கடன் என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கியதைக் கணக்கிலேயே சேர்க்காததைக் கேட்டு அவர்கள் முகம் வாடிப்போகும். 2022க்குப் பிறகு இயற்கை வைரத்தின் விலையும் இறங்கித்தான் இருக்கிறது. கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொன்னால், பணமாகத் தருவாரா, மாற்று நகையாகத் தருவாரா, எத்தனை சதவீதம் கழிப்பார், அந்தச் சதவீதம் நீ வாங்கிய விலையிலா அன்றைய விலையிலா என்பதை ரசீதிலேயே எழுதி வாங்கு. இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கடைக்காரருக்குச் சட்டம் இடம் தராது, பான் எண்ணும் வேண்டும். ஆகவே வங்கி வழியாகவே செலுத்து.

முதல் கடைக்காரரிடம் 1.90 அளவில் ஒரு கல்லுக்கு இதே முறையில் சீட்டு கேட்டு எனக்கு அனுப்பு. சம்பந்தி வீட்டாரிடமும் நான் ஒன்று வாங்கி வைக்கிறேன். இங்கே வரும்போது திண்டுக்கல்லிலிருந்து முதல் பேருந்தில் கிளம்பி வா. கடைகளின் விளக்கில் எல்லாக் கல்லும் மின்னும், பகல் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். பெண்ணின் விரல் அளவை மறக்காமல் எடுத்து வா.

அன்புடன்,
உன் தோழி